ஊனுக்கு உயிர் குருதி: கைகால் காயங்களும் மடல் அறுவையும்

பிளாஸ்டிக் அறுவையின் பொது வரலாற்றையும் திறந்த எலும்பு முறிவுகளின் வகைப்பாட்டையும் இம்மலரின் வாசகர்கள் நன்கறிவர். ஆதலால் அவற்றை விரிக்கவில்லை. நிறுவ விழைவது ஒரே கருத்து. கைகால் காயத்தை மூட நாம் எடுக்கும் மடல், அதாவது ஃபிளாப், பிழைப்பதும் கருகுவதும் அதற்குள் ஓடும் குருதியைப் பொறுத்தது. எனவே மடலின் புதுமையைவிட, அதன் இரத்த வழி எவ்வளவு உறுதியானது, அது உரிய காலத்தில் காயத்தைச் சேருமா என்பவையே நம் தேர்வை ஆள வேண்டும்.

முன்னோர் கண்ட நெறி

போரில் கிழிந்த மார்பைத் தைத்த நெடிய வெள்ளூசியை, குளத்துள் பாய்ந்து எழும் மீன்கொத்திக்கு ஒப்பிட்டுப் பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்தில் பரணர் பாடினார். காயத்தைத் தைக்கும் கலை தமிழருக்குப் பழையது என்பதற்கு அது பெருமைமிகு சான்று. ஆனால் விளிம்புகள் ஒன்றையொன்று எட்டினால்தான் தையல் உதவும். சதையே போய்விட்ட இடத்தில் என் செய்வது? பெரியபுராணத்தில் இறைவன் கண்ணில் வழிந்த குருதி பச்சிலை பிழிந்தும் நிற்காதபோது, ஊனின் குறையை ஊனே தீர்க்கும் என்ற முதுமொழி கண்ணப்பர் நெஞ்சில் எழுந்ததாகச் சேக்கிழார் பெருமான் காட்டுகிறார். பக்தியின் உச்சமான அந்த இடத்தில் அறுவையாளர் கற்க ஒரு நெறியும் உண்டு. அந்த நெறியை அதற்கு நெடுங்காலம் முன்பே செயல்முறையில் காட்டியவர் சுஸ்ருதர். மூக்கின் அளவுக்கு இலை ஒன்றை எடுத்து, அதே அளவில் கன்னத்துத் தசையை அறுத்து, அடியை விடுவிக்காமலே மூக்கில் பொருத்தச் சொன்னார். 1794இல் லண்டன் ஜென்டில்மேன்ஸ் மாகஸின் வெளியிட்ட புனே மூக்கு அறுவையில் இலைக்குப் பதில் மெழுகுத் தகடு, கன்னத்துக்குப் பதில் நெற்றி. புருவங்களுக்கு இடையிலான காம்பைச் சுமார் 25ஆம் நாளில்தான் துண்டித்தனர். மக்ரெகரும் ஜாக்சனும் 1972இல் விவரித்த தொடையிடுக்கு மடலைக் கையில் பொருத்தி, ஏறத்தாழ மூன்று வாரம் கழித்துக் காம்பை அறுக்கும் நாம் அதே பொறுமையைத்தான் கடைப்பிடிக்கிறோம். சுஸ்ருதர் எழுதியது மூக்கு, காது, உதடு ஆகியவற்றுக்கே என்பர் சிலர். உண்மைதான். ஆனால் உறுப்பு மாறினாலும், ஒட்டும் தசை தன் இரத்தத்தோடு வரவேண்டும் என்ற நெறி மாறவில்லை.

இரத்த வழி

மடைநீர் எட்டும் வரையில்தான் வயல் விளையும். மடலுக்கும் அதுவே எல்லை. தோலுக்கு வரும் தமனிகளை 1889இல் மான்ஷோவும் 1936இல் சல்மோனும் வரைந்தனர். கீழ்க்காலில் மடலின் நீளம் அகலத்தைத் தாண்டக்கூடாது என்ற பழைய விதியை 1981இல் போன்டன் தளர்த்தினார். ஆழ்திசுப் படலத்தையும் சேர்த்து எடுத்தபோது நீண்ட மடலும் பிழைத்தது. 1987இல் டெய்லரும் பால்மரும் ஒவ்வொரு மூலத்தமனியும் ஊட்டும் திசுப்பகுதியை வகுத்தனர். 1989இல் கோஷிமா, தசையை அதன் இடத்திலேயே விட்டு, அதைத் துளைத்துவரும் சிறு குழாயை மட்டும் நம்பி மடல் எடுக்கலாம் என்று காட்டினார். இரத்த வழி பற்றிய அறிவால்தான் கீழ்க்காலில் கணுக்காலின் மேற்பகுதிவரை நமக்குத் தெளிவான வழி உள்ளது: மேல் மூன்றிலொரு பங்குக்குக் கெண்டைக்காலின் காஸ்ட்ரோக்னீமியஸ், நடுப்பங்குக்கு சோலியஸ், தசை மெலிந்து தசைநாணே மிஞ்சும் கீழ்ப்பங்குக்குத் தலைகீழ் சூரல் மடல், அல்லது நுண்ணறுவையால் இணைக்கும் ஃப்ரீ ஃபிளாப். விரல்நுனிக்கு 1980இல் வெங்கடசுவாமியும் சுப்பிரமணியனும் அளித்த சாய்முக்கோண மடல் உலக நூல்களில் இடம்பெற்றிருப்பது நமக்குத் தனிப் பெருமை.

மறுப்புகளும் விடையும்

தோல் ஒட்டு எளியது, மடல் எதற்கு என்பது முதல் மறுப்பு. ஒட்டுத் தோல் முதல் சில நாள் அடித்தளத்திலிருந்து ஊறும் நீரை உண்டு, பிறகு அங்கிருந்து முளைக்கும் குழாய்களால் வாழ்கிறது. மேலுறை இழந்த எலும்பிலும் உறையற்ற தசைநாணிலும் அந்த ஊட்டமில்லை. வெற்றிட உறிஞ்சுக் கட்டு போதும் என்பது இரண்டாவது. அது கசிவை இழுக்கும், சதைத்துளிரை வளர்க்கும். காயத்தை அறுவைக்கு ஆயத்தப்படுத்தும் நல்ல துணை. ஆனால் திறந்து கிடக்கும் முறிவுக்கு அது நிரந்தர மூடி ஆகாது; அதை நம்பிக் கழியும் வாரங்கள் கிருமிக்கே இடம் தரும். லுப்லியானாவின் மார்கோ கொடினா செய்து 1986இல் வெளிவந்த 532 பேரின் ஆய்வு தாமதத்தின் கேட்டுக்கு வலிய சான்று: முதல் 72 மணி நேரத்துக்குள் மூடியவர்களில் மடல் தோற்றது 0.75 விழுக்காடு, அதன்பின் மூன்று மாதத்துக்குள் மூடியவர்களில் 12 விழுக்காடு. நுண்ணறுவை வந்தபின் பழைய மடல்கள் எதற்கு என்பது மூன்றாவது. நுண்ணோக்கியும் பயின்ற கையும் இல்லாத ஊரில் உரிய நேரத்தில் போட்ட சோலியஸ் மடல் காலைக் காக்கும். பெரும் விபத்தில் அருகிலுள்ள தசையே நசுங்கியிருந்தால் ஃப்ரீ ஃபிளாப்பே சரி. இரண்டையும் தீர்மானிப்பது இரத்த வழியின் உறுதிதான்.

ஆகவே இளம் மருத்துவர்களே, எலும்பு மருத்துவரும் பிளாஸ்டிக் அறுவையாளரும் முதல் நாளே ஒன்றாக நின்று காயத்தைப் பாருங்கள். இறந்த திசுவைத் தயங்காமல் நீக்குங்கள். நோயாளியைப் புகையிலையிலிருந்து விலக்குங்கள். நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுபவன் என மருத்துவத்தை நான்காக வகுத்தார் வள்ளுவர். நள்ளிரவில் மடலின் நிறமும் சூடும் பார்த்துக் குரல்கொடுக்கும் செவிலியரை அந்த நான்காம் இடத்தில் வைத்துப் போற்றுங்கள். முன்னோர் தந்த நெறிக்கு நாம் செலுத்தும் கடன், காப்பாற்றக்கூடிய ஒரு காலையும் கையையும் தாமதத்தால் இழக்காதிருப்பதே.