குற்றவாளி சிறையில், சட்டம் கல்லறையில்

மின்சாரம் விற்கும் கம்பனியையே அதன் விற்பனையைக் குறைக்கப் பணிக்கும் சட்டம் எவ்வளவு காலம் நிலைக்கும்? அமெரிக்காவின் ஒஹாயோ மாநில வரலாறு இதற்குக் கசப்பானதொரு பதிலைத் தருகிறது.

ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த ஆளுநர் ரெட் ஸ்ரிக்லண்ட், இரு கட்சிகளினதும் ஆதரவுடன் நிறைவேறிய சட்டமூலமொன்றில் 2008 மே மாதம் கைச்சாத்திட்டார். தனியார் மின்விநியோகக் கம்பனிகள் தமது வாடிக்கையாளர்களின் மின்விரயத்தைப் படிப்படியாகக் குறைத்து, 2025 இல் 22 சதவீதச் சேமிப்பை எட்டவேண்டும் என்று அது விதித்தது. ஆறு ஆண்டுகள்கூடச் சிக்கலின்றிக் கழியவில்லை. 2014 இல் ஆளுநர் ஜோன் கேசிக் காலத்தில் இந்த இலக்குகள் இரு வருடங்களுக்கு முடக்கப்பட்டன. 2019 ஜூலையில் வந்த புதிய சட்டம், நட்டத்தில் இயங்குவதாகக் கூறப்பட்ட இரண்டு அணுமின் நிலையங்களுக்கு மக்களின் மின்கட்டணத்திலிருந்து மானியம் வழங்கியதோடு, சேமிப்புக் கடப்பாட்டுக்கும் முடிவுகட்டியது.

மறு வருடமே குட்டு வெளிப்பட்டது. அச்சட்டத்தை நிறைவேற்றுவதற்காக ஃபெர்ஸ்ட் எனர்ஜி நிறுவனத்திடமிருந்து சுமார் 60 மில்லியன் டொலர் கைமாறியிருந்தது. 2021 இல் அந்நிறுவனம் 230 மில்லியன் டொலர் தண்டம் செலுத்த இணங்கியது. பிரதிநிதிகள் சபையின் முன்னாள் சபாநாயகர் லரி ஹவுஸ்ஹோல்டருக்கு 2023 இல் 20 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது.

நீதி வென்றதாகப் பத்திரிகைகள் எழுதின. நான் கவனித்தது வேறொன்றை. 2021 இல் அணுமின் மானியத்தை இரத்துச் செய்த சட்டசபை, சேமிப்புக் கடப்பாட்டை மீட்டெடுக்கவில்லை. இலஞ்சம் கொடுத்தவரும் வாங்கியவரும் தண்டனை பெற்றபின்னரும், அந்த இலஞ்சத்தால் அழிந்த சட்டம் அழிந்ததாகவே விடப்பட்டது. நீதிமன்றத்தால் மனிதர்களைத் தண்டிக்க முடியும். நீக்கப்பட்ட சட்டத்தை மீண்டும் இயற்றும் வேலை சட்டசபைக்கே உரியது. அங்கே அதற்குக் கைகள் உயரவில்லை.