கும்பினியின் விதிகளும் நம் ஜமாஅத் விதிகளும்

புதுச்சேரியை அடுத்த மஹல்லா ஒன்றின் நிர்வாகிகள், தம் ஜமாஅத்திற்கென எழுதிய ‘பைலா’வைப் பார்வையிட்டுத் தருமாறு சில மாதங்களுக்கு முன் என்னிடம் தந்தனர். வேறோர் ஊரின் விதிகளை, பெயரை மட்டும் மாற்றிப் படியெடுத்திருந்தனர். தலைவரின் அதிகாரங்கள் இரண்டு பக்கங்களுக்கு விரிந்திருந்தன. அத்தலைவர் பொதுக்குழுவைக் கூட்ட மறுத்தால் யார் கூட்டுவது என்பதற்கு ஒரு வரியும் இல்லை. அத்தாள்களைப் படித்தபோது, நாம் வாழும் இந்நகரமே விதிகளால் அமைந்த ஒரு கும்பினியின் கையில் வளர்ந்தது என்பது நினைவுக்கு வந்தது. அக்கும்பினியின் வரலாறு விதி எழுதுவோர் அனைவருக்கும் பாடமாகும்.

பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பேர், 1664இல் கிழக்கிந்தியக் கும்பினியை நிறுவினார். அதன் மூலதனம் 1 கோடியே 50 லட்சம் லீவ்ர் என்றும், பங்கொன்று 1,000 லீவ்ர் என்றும், வணிக ஏகபோகம் 50 ஆண்டுகளுக்கு என்றும் சாசனம் வகுத்தது. இயக்குநர்கள் 21 பேர். அவர்களில் 12 பேர் பாரிஸ் நகரத்தார். ஏனையோர் பிற வணிக நகரங்களைச் சேர்ந்தோர். ஏட்டளவில் இது வணிகர் தம்மைத் தாமே ஆளும் அமைப்பு. ஆனால் அறிவித்த மூலதனம் ஒருபோதும் முழுமையாகத் திரளவில்லை. மன்னரோ 30 லட்சம் லீவ்ர் தந்திருந்தார். பணம் தந்த கையே ஆணையிடும் கையாக மாறுவதைத் தடுக்க விதிகளால் இயலவில்லை.

1673இல், பீஜப்பூர் சுல்தான்களின் ஆளுநராக வாலிகண்டபுரத்திலிருந்து நிர்வகித்த ஷேர்கான் லோடி, இக்கடற்கரை ஊரில் தங்கிட அக்கும்பினியாருக்கு இடமளித்தார். மறு ஆண்டு முதல் பிரான்சுவா மர்த்தேன் இதனைப் பேணி வளர்த்தார். 1701இல் மன்னரின் ஆணையால் இங்கு ஒரு நீதி, நிர்வாக மன்றம் ஏற்பட்டது. 1719இல் கும்பினி புதிய உருவம் பெற்றது; 1723க்குப் பின் இயக்குநர்களை மன்னரே நியமிக்கலானார். பங்கு வைத்திருந்தோர் இலாபம் பெறுவோராக மட்டும் எஞ்சினர். கேள்வி கேட்போராக இல்லை.

இக்குறையின் விளைவைத் துய்ப்ளேயின் காலத்தில் காண்கிறோம். 1742 முதல் 1754 வரை இங்கு ஆளுநராக இருந்த அவர், சந்தா சாஹிபைக் கர்நாடக நவாபாக்கும் பொருட்டுப் போர்களில் இறங்கினார். கும்பினி அலுவலர்கள் சொந்த வணிகமும் செய்துவந்த காலம் அது. சொந்தப் பணத்தைப் பெருமளவில் போருக்குச் செலவிட்டதாகக் கூறி, அதனைத் திருப்பித் தருமாறு துய்ப்ளே பின்னர் வழக்காடினார். கும்பினி மறுத்தது. 1763இல் வறுமையிலேயே அவர் மறைந்தார். தன் பணம் எது, பொதுப் பணம் எது என்று கோடு கிழிக்காத நிர்வாகம், தலைவருக்கும் நன்மை செய்வதில்லை.

1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றித் தரைமட்டமாக்கினர். 1764ஆம் ஆண்டின் அரசாணை ஒன்றுதான் நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பங்காளிகளுக்கு மீண்டும் தந்தது. நகரம் இடிந்து மூன்றாண்டுகளுக்குப் பின் கிடைத்த உரிமை அது. 1769இல் கும்பினியின் ஏகபோகமே நிறுத்திவைக்கப்பட்டது.

நம் ஃபிக்ஹு அறிஞர்கள் இத்துறையில் ஆழ்ந்து சிந்தித்துள்ளனர். வக்ஃபு செய்தவரின் நிபந்தனை சட்டமளித்தவனின் வாசகத்தைப் போன்றது என்பது புகழ்பெற்ற விதி. அதாவது பொதுச் சொல் எது, குறிப்புச் சொல் எது, நிபந்தனையற்றது எது, நிபந்தனைக்குட்பட்டது எது என மார்க்க வாசகங்களை ஆய்வதுபோலவே வக்ஃபு ஆவணத்தையும் ஆய வேண்டும். எனினும் மார்க்கத்திற்கு முரணான நிபந்தனை செல்லாது என்றும் அவர்கள் எல்லை வகுத்தனர். எழுதியவரின் சொல்லுக்கு மதிப்பு, அச்சொல்லுக்கும் மேலான நெறி என்ற இவ்விரண்டும் விதிகளைப் படிப்போருக்கும் எழுதுவோருக்கும் இன்றியமையாதவை.

மதரசா, கல்விச் சங்கம் முதலியன பதிவு பெறும் 1860ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டமும் இத்தகைய படிநிலை கொண்டது. ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் அமைக்கலாம். நோக்கத்தை மாற்றுவதற்கு, மூலச் சட்டத்தின்படி, ஒரு மாத இடைவெளியில் இரு சிறப்புக் கூட்டங்கள் கூட வேண்டும். இரண்டிலும் ஐந்தில் மூன்று பங்கினரின் வாக்கு வேண்டும். சங்கம் கலைந்தால் கடன் போக மிஞ்சும் சொத்தை உறுப்பினர் பங்கிட்டுக்கொள்ள இயலாது. வக்ஃபு சொத்தாயின் வக்ஃபு ஆவணமும் வக்ஃபுச் சட்டமுமே முதன்மை பெறும். ‘பைலா’வால் அவற்றை மாற்ற முடியாது.

ஆகவே, அந்நிர்வாகிகளின் வரைவின் ஓரத்தில் ஐந்து கேள்விகளை எழுதினேன். வாக்குரிமை யாருக்கு, சந்தா செலுத்த இயலாத ஏழைக்கு உண்டா? தலைவர் மறுத்தால், எத்தனை பேர் கையெழுத்திட்டுக் கூட்டத்தை அழைக்கலாம்? எத்தனை பேர் கூடினால் முடிவு செல்லும்? வங்கிக் கணக்கில் கையெழுத்திடுவோர் எத்தனை பேர், தணிக்கை செய்பவர் நிர்வாகிக்கு உறவினராக இருக்கலாமா? பதவிக்காலம் முடிந்தும் தேர்தல் நடவாவிடில் சாவியும் கணக்கேடும் யார் கையில் இருக்கும்?

கடைசிக் கேள்வியைப் படித்த முதியவர் ஒருவர், “நம் ஊரில் அப்படியெல்லாம் நடக்காது, ஹஜ்ரத்” என்றார். நடக்காது என்று நாம் நம்பும் காலத்தில்தான் அதனை மனக்கசப்பின்றி எழுத முடியும் என்றேன். திருமறையின் மிக நீண்ட வசனம் கடனை எழுதிவைக்குமாறு கட்டளையிடுகிறது. அக்கட்டளை எதிரிகளை நோக்கியதன்று; ஒருவரையொருவர் நம்பிக் கொடுக்கல் வாங்கல் செய்யும் ஈமான் கொண்டோரை நோக்கியதே.