கானேசுமாரி

படம் எப்படி என்று கேட்டால் ‘சுமார்’ என்கிறோம். பாரசீகத்தில் ‘ஷுமார்’ என்றால் எண்ணிக்கை. எண்ணிச் சொல்வதற்கு இருந்த சொல்லை வாங்கி, எண்ணாமல் சொல்வதற்கு வைத்துக்கொண்டோம்! அதன் உறவுக்காரச் சொல் ஒன்றும் தமிழில் கொஞ்சகாலம் குடியிருந்தது: கானேசுமாரி. கேட்டால் ஏதோ அம்மன் பெயர்போல இருக்கும். ‘கானா’ என்பது வீடு, இடம். ஜிம்கானாவில் ஒட்டியிருப்பதும் அதுவே. ஆக, கானேசுமாரி என்பது வீடுகளை எண்ணுதல். சென்சஸுக்கு நம் முன்னோர் வழங்கிய பெயர்களில் ஒன்று. மராத்தியிலும் கன்னடத்திலும்கூட இச்சொல் உண்டு.

இன்றைய பாரசீகத்தில் சென்சஸ் ‘சர்ஷுமாரி’, தலைகளை எண்ணுவது. உருதுவில் ‘மர்தும்ஷுமாரி’, மக்களை எண்ணுவது. நம் பக்கம் வந்த சொல் மட்டும் வீட்டைப் பிடித்துக்கொண்டது. இதில் வியப்பில்லை. வரி போடுகிறவனுக்கு வேண்டியது வாசற்படி. உள்ளே எத்தனை குழந்தை என்பது அவனுக்கு எதற்கு? ஊர்த் திருவிழாவுக்கு இன்றும் தலைக்கட்டு வரிதான் பிரிக்கிறார்கள். தலை என்று பெயர், கணக்கென்னவோ குடும்பத்துக்கு. ‘சென்சஸ்’ என்ற லத்தீன் சொல்லின் வேரும் மதிப்பிடுதல்தான். ரோமானியர் குடிமக்களோடு அவர்கள் சொத்தையும் பதிந்தார்கள்.

ஆங்கிலேயர் 1881 பிப்ரவரி 17 இரவை ஒட்டி ஏறக்குறைய இந்தியா முழுதும் ஒருசேரக் கணக்கெடுத்தார்கள். ஆள், சாதி, மதம், தொழில் என்று கேள்விகள் தலையைச் சுற்றி வந்தன. பின்னாளில் ‘மக்கள்தொகைக் கணக்கெடுப்பு’ நிலைத்தது. கானேசுமாரி அகராதிக்குள் ஒதுங்கியது.

சொல் போனாலும் வேலை போகவில்லை. ஆட்களை எண்ணுமுன் வீடுகளைப் பட்டியலிடுவதே இன்றும் முதற்கட்டம். அங்கே குடும்பத்துக்கு அடையாளம் இரத்த உறவு அல்ல, ஒரே சமையலறையில் சாப்பிடுவது. அண்ணனும் தம்பியும் ஒரு கூரையின் கீழ் இருந்தாலும் உலை தனித்தனி என்றால் இரண்டு குடும்பம். இவ்வளவு நறுக்கான இலக்கணத்தை அரசாங்கத் தாள்களில் நான் அதிகம் கண்டதில்லை.

அந்த உலைக் கணக்கைத் தலைக் கணக்கோடு வைத்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 2001-இல் 6.24 கோடிப் பேர், 2011-இல் 7.21 கோடி, வளர்ச்சி 16 விழுக்காட்டுக்குள். குடும்பங்களோ 1.42 கோடியிலிருந்து 1.85 கோடியாயின, 30 விழுக்காடு. குடும்பத்துக்கு 4.4 பேர் என்றிருந்தது 3.9 ஆனது. பிள்ளைகள் குறைந்தது ஒரு காரணம், தனிக்குடித்தனம் இன்னொன்று. மக்கள்தொகை மெல்ல ஏறும் மாநிலத்தில் மின் இணைப்பும் எரிவாயு உருளையும் குடும்ப அட்டையும் ஏன் இவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்பதற்குத் தலைகளை மட்டும் எண்ணினால் விடை கிடைக்காது.

2011 கணக்கெடுப்புக்காக இந்தியா முழுதும் எண்ணிய கட்டடங்கள், வீடுகள் சுமார் 33 கோடி. அவற்றில் இரண்டரைக் கோடிக்குச் சற்றுக் குறைவானவை காலியாகக் கிடந்தன. கானாவே இல்லாதவரை எந்த வாசலில் நின்று எண்ணுவது? அவர்களுக்காக அந்த ஆண்டு பிப்ரவரி 28 இரவை ஒதுக்கினார்கள். பாலத்தடியிலும் நடைபாதையிலும் ரயில் நிலையத்திலும் கணக்கெடுத்ததில் ஏறத்தாழ 17.7 லட்சம் பேர். 2021-இல் நடந்திருக்க வேண்டிய அடுத்த கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1-ஐ ஆதார நாளாக வைத்து அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதற்கும் வீட்டுப் பட்டியல்தான் முந்தி.