கார்போகரிசி

கார்போகரிசி, அவரைக் குடும்பத்துச் செடியொன்றின் கருநிற விதை. தாவரவியல் பெயர் கல்லன் கோரிலிஃபோலியம். பழைய நூல்களில் சொராலியா கோரிலிஃபோலியா. தென்காசி, குற்றாலம் நாட்டு மருந்துக் கடைகளில் பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சளோடு நலங்குமாவுச் சரக்காகக் கிடைக்கும். சித்த மருத்துவத்தில் வெண்புள்ளிக்கும் பிற தோல் நோய்களுக்கும் பயன்படுகிறது. பூசிய இடத்தில் வெயில் படவேண்டும் என்பது பழைய முறை. அதன் காரணம் விதையிலுள்ள சொராலென் என்ற வேதிப்பொருள். 1933இல் ஜோயிஸ், மஞ்சுநாத் முதலிய இந்திய வேதியியலாளர்கள் இதைப் பிரித்தெடுத்தனர்.

இருட்டில் சொராலென் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. உயிரணுவின் டி.என்.ஏ. இழைகளுக்கிடையே புகுந்து சும்மா கிடக்கும். புற ஊதா-ஏ ஒளி பட்டதும் இரு இழைகளிலுமுள்ள தைமினைப் பற்றிப் பூட்டிவிடும். அந்த அணுவால் பிறகு பெருக முடியாது. சொராலெனின் உறவுப் பொருளான மெத்தாக்சாலென் எகிப்தியச் செடியொன்றிலிருந்து கிடைத்தது. யேல் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் எடல்சன் குழு, தோலைத் தாக்கும் டி-அணு லிம்போமா என்ற புற்றுநோய்க்கு அதைக் கொண்டு அளித்த சிகிச்சையின் முடிவுகளை 1987இல் வெளியிட்டது. நோயாளியின் வெள்ளணுக்களைப் பிரித்து, மருந்தும் ஒளியும் கொடுத்து, மீண்டும் உடலுக்குள் செலுத்துவார்கள். மறு ஆண்டே இம்முறைக்கு அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. திரும்பிச் செல்லும் அணுக்கள் நோயெதிர்ப்பைத் தூண்டுவதே முக்கியப் பலன் என்று இன்று கருதப்படுகிறது.

புற்றுநோய்க் கட்டிகளை ஒளியால் அழிக்க வேறு வகைப் பொருள்கள் வேண்டும். ஒளி பட்டதும் ஆக்சிஜனை வீரியமாக்கி, அதைக் கொண்டு அணுவை அழிப்பவை அவை. அவற்றுள் ஃபோட்டோஃப்ரின் என்ற மருந்துக்கு 1993இல் கனடா முதலில் அனுமதி தந்தது. செங்கோட்டைக் கணவாய்க்கு அப்பால், திருவனந்தபுரத்தில் இன்று தேசிய பல்துறை அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் எனப்படும் ஆய்வகத்தில், டி. ராமையா, எம். வி. ஜார்ஜ் உள்ளிட்டோர் 1990களில் ஸ்குவாரைன் சாயங்களோடு புரோமினையும் அயோடினையும் இணைத்து இத்தகைய பொருள்களை உருவாக்கினர். ஆனால் சிவப்பொளிகூடத் திசுவுக்குள் ஒரு சென்டிமீட்டர் ஆழம் போவதே அரிது. ஆழத்தில் புதைந்த கட்டிகளுக்கு இம்முறை எட்டாததற்கு அதுவே காரணம்.

சொராலென்-புற ஊதா சிகிச்சை நீண்ட காலம் தொடர்ந்தால் தோல் புற்றுநோய் அபாயம் கூடும். விதையை உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதும் பதிவாகியுள்ளது. கார்போகரிசியைத் தின்று புற்றுநோயைக் குணப்படுத்தலாம் என்பதற்குச் சான்றில்லை. தோலில் பூசியவர்கள் மருத்துவர் சொல்லாமல் வெயிலில் நிற்கவும் கூடாது, கொப்புளம் வரும்.