வயிற்றில் போடும் ஊசியும் பொம்மசந்திராவும்

அம்மாவுக்கு இடது இடுப்பு மூட்டை மாற்றி இன்றோடு 19 நாள். தொப்புளைச் சுற்றி ஊசி குத்திய இடமெல்லாம் நீலம் பாரித்துக் கிடக்கிறது. "ஏ ராசா, ஆபரேசன் பண்ணது இடுப்புல. ஊசிய எதுக்கு வயித்துல குத்துதிய?" என்று தினமும் ராத்திரி ஒரு தடவை கேட்டுவிடுவாள். நானும் ஏதோ சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தேன். ஒழுங்காகப் பதில் தேடப் போனதில் கிடைத்ததுதான் கீழே இருப்பது.

(டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு பேங்க்கில் கணக்குப் பார்க்கிறவன். மருந்து விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள்.)

முதலில் பெரியப்பா கதை. 1994-ல் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஊர்ப்பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். நன்றாகத்தான் தேறி வந்தார். பதினோராம் நாள் காலையில் கட்டிலை விட்டு எழுந்தவர், "மூச்சு முட்டுதுடே" என்று சொல்லிச் சாய்ந்தார். அவ்வளவுதான். ஹார்ட் அட்டாக் என்றார்கள், நாங்களும் நம்பினோம். அது ரத்தக்கட்டிதான் என்று இப்போதும் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இதைப் பற்றிப் படிக்கப் படிக்க, அந்தப் பதினோராம் நாள்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது.

விஷயம் இதுதான். நடக்கும்போது கெண்டைச் சதை சுருங்கி விரிந்து, காலில் இருக்கிற ரத்தத்தை மேலே தள்ளுகிறது. படுத்தே கிடந்தால் அந்தப் பம்பு நின்றுவிடும். ரத்தம் தேங்குவது, குழாய்ச் சுவர் அடிபடுவது, ரத்தமே உறையத் தயாராக இருப்பது என்று மூன்று காரணங்களைச் சொல்வார்கள். 1856-ல் ஜெர்மனியின் விர்ஷோ எழுதியதோடு சேர்த்துப் பேசப்படுபவை இவை. இடுப்பு மாற்று சிகிச்சையில் மூன்றுமே ஒன்றாக வந்து நிற்கும். மூட்டைக் கழற்றும்போது காலைத் திருப்புவார்கள், தொடையின் பெரிய ரத்தக்குழாயும் முறுக்கிக்கொள்ளும். அங்கே உருவான கட்டி பிய்த்துக்கொண்டு போய் நுரையீரலை அடைத்தால், சில நிமிஷத்தில் ஆள் காலி.

இன்று நாம் செய்துகொள்ளும் இடுப்பு மாற்று சிகிச்சைக்கு வழி போட்டவர் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி. 1962-ல் ரைட்டிங்டன் மருத்துவமனையில் தொடங்கினார். அவர் கூட்டத்தாரே 7,959 இடுப்புகளின் கணக்கை 1977-ல் வெளியிட்டார்கள். நுரையீரல் அடைப்பால் இறந்தவர்கள் சுமார் 1 சதவீதம். வலி தீரத்தானே இந்த ஆபரேஷன்? நடந்து வந்து படுக்கிறவர்களில் நூற்றுக்கு ஒருவர் திரும்பாமல் போவது சின்ன நஷ்டமா என்ன!

இங்கேதான் நம்மூர்க்காரர் ஒருவர் வருகிறார். விஜய் வீர் கக்கர், இந்தியாவிலிருந்து லண்டன் போய் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நிபுணராக இருந்தவர். அந்தக் காலத்தில் கால் வீங்கினால்தான் கட்டி இருப்பது தெரியும். பாதிப் பேருக்கு வீக்கமே வராது. ரத்தம் உறையத் தேவையான ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தில் கதிரியக்க அயோடினை ஒட்டி உடம்பில் ஏற்றி, ஆபரேஷன் முடிந்தவர்களின் காலை ஒரு கருவியால் தினமும் அளந்தார்கள் கக்கர் குழுவினர். கட்டி பிடிக்கிற இடத்தில் எண் ஏறும். 1969-ல் லான்செட்டில் வந்த கணக்கு: 132 பேரில் 40 பேருக்குக் கட்டி. அதில் 14 பேருக்கு மூன்று நாளில் தானாகவே கரைந்துவிட்டது. 9 பேருக்கு மட்டும் முழங்காலைத் தாண்டி மேலே ஏறியது, அந்த 9-ல் 4 பேருக்கு நுரையீரலுக்கும் போனது. பேங்க்காரன் பார்வையில் சொன்னால், வாராக்கடன் ஆகப்போகும் கணக்கை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் வழி கிடைத்துவிட்டது :-)

மருந்து ஏற்கனவே இருந்தது. 1916-ல் அமெரிக்காவில் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர் நாயின் ஈரலில் தற்செயலாகக் கண்டது, பிறகு ஹெப்பாரின் ஆனது. பயம் என்னவென்றால், ஆபரேஷன் செய்தவருக்கு அதைக் கொடுத்தால் புண்ணிலிருந்து ரத்தம் கொட்டுமே! கொஞ்சமாகக் கொடுத்தால்? ஆபரேஷனுக்கு இரண்டு மணி நேரம் முன்பு 5,000 யூனிட், பிறகு எட்டு மணிக்கு ஒருமுறை, தோலுக்கடியில். பல நாடுகளில் 4,121 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்து 1975-ல் வெளியிட்டார்கள். ஊசி போடாத பக்கம் நுரையீரல் அடைப்பால் 16 சாவு. போட்ட பக்கம் 2. புண்ணில் ரத்தம் கட்டுவது கொஞ்சம் கூடியது உண்மைதான். ஆனால் 16-க்கு 2!

அது பெரும்பாலும் வயிற்று ஆபரேஷன் மாதிரியான மற்ற பெரிய சிகிச்சைகளின் கணக்கு. இடுப்புக்கு இன்னும் நல்ல மருந்து தேவைப்பட்டது. ஹெப்பாரினைத் துண்டாக்கிச் செய்த ஈனாக்ஸாபரின் வந்தது. கனடாவில் 1986-ல் இடுப்பு நோயாளிகள் 100 பேரிடம் சோதித்தார்கள். வெறும் ஊசி போட்டவர்களில் 42 சதவீதம் பேருக்குக் கட்டி, மருந்து போட்டவர்களில் 12. அம்மா வயிற்றில் ஏறுவது இதுதான். தோலுக்கடியில் கொழுப்பு இருக்கிற இடம் என்பதால் வயிறு. (எனக்கு இன்னும் வசதி!)

இதற்கு அடுத்ததுதான் முக்கியம். ஆஸ்பத்திரியில் இருக்கும்வரை ஊசி, வீட்டுக்கு வந்தால் நிறுத்தம் என்பதுதான் பழக்கம். 1996-ல் ஸ்வீடனில் ஒரு மாதம் தொடர்ந்து போட்டுப் பார்த்தார்கள். நிறுத்தியவர்களில் 39 சதவீதம் பேருக்குக் கட்டி, தொடர்ந்தவர்களில் 18. அதனால்தான் இன்று இடுப்புக்கு 35 நாள் வரை என்கிறார்கள். பிறகு ஊசிக்குப் பதில் மாத்திரைகளும் வந்தன. ரிவரோக்ஸபானை 2008-ல் இடுப்பு நோயாளிகளிடம் 35 நாள் பார்த்த ஒரு ஆய்வின் முதல் பெயர் அஜய் கக்கர், விஜய் வீர் கக்கரின் மகன்! விலை குறைந்த ஆஸ்பிரின் போதுமா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. 2018-ல் முதல் ஐந்து நாள் ரிவரோக்ஸபான், பிறகு ஆஸ்பிரின் என்றபோது நன்றாக வேலை செய்தது. 2022-ல் ஆஸ்திரேலியாவில் முதலிலிருந்தே ஆஸ்பிரின் மட்டும் என்றபோது, ஈனாக்ஸாபரினுக்குப் பின்தங்கியது.

"இதெல்லாம் வெள்ளைக்காரனுக்கு, நமக்குக் கட்டி பிடிக்காது" என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தோம். ஆசியாவின் ஏழு நாடுகளில் தடுப்பு மருந்து இல்லாமல் இடுப்பு, முழங்கால் ஆபரேஷன் ஆனவர்களைப் படமெடுத்துப் பார்த்தபோது 41 சதவீதம் பேருக்குக் கட்டி இருந்தது. அது 2005-ல் வெளியானது. இந்தியா அந்த ஏழில் இல்லை. ஆனால் 32 நாடுகளில் எடுத்த கணக்கெடுப்பில் இருந்தது. ஆபத்தில் இருக்கும் நம் நோயாளிகளில் ஐந்தில் ஒருவருக்குக்கூட முறையான தடுப்பு கிடைக்கவில்லை என்றது அது.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்கும்போது கண்ணில் பட்ட ஒரு முகவரியில் அசந்துவிட்டேன். லண்டனில் த்ராம்போசிஸ் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கிய கக்கர், அதன் இந்தியக் கிளையை வைத்தது பொம்மசந்திராவில், நாராயண ஹ்ருதயாலயா வளாகத்தில். எங்கள் ஹெப்பகோடி மெட்ரோ ஸ்டேஷனுக்கு அடுத்த ஸ்டேஷன்! வருஷக்கணக்காக அந்த வழியாக வண்டி ஓட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

கோயில் கொடைக்கு ஊருக்குப் போக வேண்டும் என்று அம்மாவுக்கு அவசரம். தம்பி 24-ஆம் நாளுக்கு ராத்திரி பஸ்ஸில் சீட் போட்டுவிட்டான். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து போக வேண்டும். டாக்டரிடம் கேட்டோம், வேண்டாம் என்றார். டிக்கெட்டைக் கேன்சல் செய்தாயிற்று. தம்பிக்குக் கோபம். பெரியப்பா விழுந்தபோது அவன் பள்ளிக்கூடத்தில் இருந்தான், பார்த்ததில்லை.

இன்னொன்று அம்மாவிடம் சொல்லாமல் இருந்தேன். ஈனாக்ஸாபரின் பன்றிக் குடலிலிருந்து எடுக்கும் ஹெப்பாரினில் செய்வது. அம்மா முட்டைகூடத் தொடாத சைவம். நேற்று மனசு கேட்காமல் சொல்லிவிட்டேன், மாத்திரைக்கு மாற்ற முடியுமா என்று டாக்டரைக் கேட்கிறேன் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஒங்க பெரியப்பாவுக்கு இத ஒருத்தனும் போடலியா?" என்றாள்.

இல்லம்மா என்றேன். சேலையை விலக்கி வயிற்றைக் காட்டினாள்.