ஜங்கிள் பேர்ட் (காக்டெயில்)

ஜங்கிள் பேர்ட் என்பது டார்க் ரம், கம்பாரி, அன்னாசிச் சாறு, எலுமிச்சைச் சாறு, சீனிப்பாகு ஆகியவற்றை ஐஸுடன் குலுக்கிச் செய்யும் பழக் காக்டெயில். 1973இல் கோலாலம்பூரில் உருவானது. இனிப்பும் புளிப்பும் மிகுந்த பழ மதுக்களுக்கு நடுவே இதைத் தனித்துக் காட்டுவது கம்பாரியின் கசப்பு. ஐந்து பொருள்களே தேவைப்படுவதால் வீட்டிலும் எளிதாகச் செய்யலாம்.

வரலாறு

ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் இருந்த கோலாலம்பூர் ஹில்டனின் ஏவியரி பாரில், ஹோட்டல் விருந்தினர்களுக்கு வரவேற்புப் பானமாக இது வழங்கப்பட்டது. இதை உருவாக்கியவர் அந்த மதுக்கூடத்தை நிர்வகித்த ஜெஃப்ரி ஓங். பறவை வடிவப் பீங்கான் கலத்தில் ஊற்றிக் கொடுப்பது அன்றைய வழக்கம். இந்தக் காக்டெயில் பிறந்த ஆண்டு 1978 என்றே நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. பின்னர் அது 1973 எனத் திருத்தப்பட்டது.

செய்முறை பிழைத்தது அமெரிக்க அச்சுப் புத்தகங்களால். ஜான் பாய்ஸ்டர் 1989இல் வெளியிட்ட மதுக் கையேட்டில் அது இடம்பெற்றது. அங்கிருந்து அதை எடுத்த ஜெஃப் பெரி, 2002இல் வந்த 'இன்டாக்ஸிக்கா!' நூலில் சேர்த்தார்; ஜமைக்கா டார்க் ரம் வேண்டும் என்றும் குறித்தார். 1930களில் அமெரிக்காவில் தோன்றிய டிக்கி என்னும் காக்டெயில் மரபில் ரம்மும் பழச்சாறும் சேர்வது வழக்கம். கம்பாரி சேர்வது அரிது. எனவே டிக்கி ஆர்வலர்கள் இந்தக் கலவையைக் கொண்டாடினர். 2010 வாக்கில் நியூயார்க் மதுக்கலைஞர் ஜுசெப்பே கொன்சாலெஸ் அன்னாசிச் சாற்றை வெகுவாகக் குறைத்து, கரும்புக் கழிவுப்பாகின் வாசம் தூக்கலான பிளாக்ஸ்ட்ராப் ரம்மைச் சேர்த்தார். இன்று பல நாடுகளில் பரிமாறப்படுவது பெரும்பாலும் இந்த வடிவமே.

பழைய ஹில்டன் கட்டடம் பின்னர் வேறு பெயரில் இயங்கி, இடிக்கப்பட்டது. இப்போதுள்ள ஹில்டன் 2004இல் பிரிக்ஃபீல்ட்ஸை ஒட்டிய கேஎல் சென்ட்ரலில் திறக்கப்பட்டது.

பொருள்களும் அளவும்

ஒருவருக்கான பழைய அளவு: டார்க் ரம் 45 மி.லி., கம்பாரி 22 மி.லி., அன்னாசிச் சாறு 120 மி.லி., எலுமிச்சைச் சாறு 15 மி.லி., சீனிப்பாகு 15 மி.லி. நியூயார்க் வடிவத்தில் அன்னாசிச் சாறு 45 மி.லி. மட்டுமே, அதனால் ரம்மும் கசப்பும் முன்னே தெரியும்.

கம்பாரி, இத்தாலியில் கஸ்பாரே கம்பாரி 1860இல் உருவாக்கிய செந்நிறக் கசப்பு மது. அன்னாசியோ உள்ளூர்ப் பொருள்: இரண்டாம் உலகப் போருக்கு முன்பே டின் அன்னாசி ஏற்றுமதியில் மலாயா முன்னணியில் இருந்தது. இன்று கிள்ளான் பள்ளத்தாக்குச் சந்தைகளில் மோரிஸ், ஜோசபின், எம்டி2 வகைகள் கிடைக்கின்றன. ஜோசபின், மார்டி ஆய்வு நிறுவனம் 1996இல் வெளியிட்ட கலப்பினம். எம்டி2 இனிப்பு மிகுந்தது. அதைப் பயன்படுத்தினால் பாகைக் குறைத்துக்கொள்ளலாம்.

செய்முறை

சீனியும் வெந்நீரும் சம அளவில் கலந்து, கரைந்ததும் ஆறவிட்டால் பாகு தயார். பழுத்த அன்னாசியை அரைத்து வடிகட்ட வேண்டும். டின் சாற்றைவிடப் புதிய சாறே நல்லது; குலுக்கும்போது நுரை நன்றாக எழும். எல்லாவற்றையும் ஐஸ் நிறைத்த ஷேக்கரில் ஊற்றிப் பத்துப் பதினைந்து விநாடி பலமாகக் குலுக்கி, புதிய ஐஸ் போட்ட கிளாஸில் வடிக்க வேண்டும். ஷேக்கர் இல்லாவிட்டால் இறுக்கமான மூடியுள்ள கண்ணாடி ஜாடி போதும். மேலே அன்னாசித் துண்டு, செர்ரி அல்லது ஆர்க்கிட் பூ வைப்பார்கள்.

வேறுபாடுகள்

பெரிப் பழச் சுவை வேண்டுவோர், கேமரன் மலையில் விளையும் ஸ்ட்ராபெரியை நறுக்கிக் கம்பாரியில் ஒரு நாள் குளிர்பதனப் பெட்டியில் ஊறவைத்து வடிகட்டிச் சேர்க்கலாம். பழத்தின் இனிப்பும் மணமும் கம்பாரியின் கசப்பைத் தணிக்கும். வெள்ளைச் சீனிக்குப் பதில் குலா மலாக்கா வெல்லப்பாகு ஊற்றினால் ரம்மின் வாசத்தோடு நன்றாகச் சேரும். மது அருந்தாதோர் ரம்முக்கும் கம்பாரிக்கும் பதிலாக, ஆறவைத்த கடுந்தேநீரில் அதே சாறுகளைக் கலக்கலாம்; கசப்பைத் தேயிலையின் துவர்ப்பு ஈடுசெய்யும்.

சட்டமும் உடல்நலமும்

பழைய அளவில் செய்த ஒரு கிளாஸில் சுமார் 18 கிராம் தூய ஆல்கஹால் இருக்கும். பழச்சாறு அதை நாவுக்குத் தெரியாமல் மறைத்துவிடும். மலேசியாவில் மது வாங்குவதற்கான குறைந்தபட்ச வயது 2017 டிசம்பரில் 18இலிருந்து 21 ஆக உயர்த்தப்பட்டது. முஸ்லிம்கள் மது அருந்துவது ஷரியா சட்டப்படி குற்றம். 2020இல் சாலைப் போக்குவரத்துச் சட்டம் திருத்தப்பட்டு, வாகனமோட்டிகளுக்கான வரம்பு 100 மி.லி. இரத்தத்தில் 80 மில்லிகிராமிலிருந்து 50 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது.

2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்துப் பலர் இறந்தனர். மெத்தனாலை நிறத்தாலோ மணத்தாலோ சுவையாலோ அடையாளம் காண முடியாது. ஆகவே வீட்டில் கலப்பதற்கான மதுவை உரிமம் பெற்ற கடையில், சுங்க வரி முத்திரை உள்ள புட்டியாகவே வாங்க வேண்டும்.