வெண்ணிறச் சாலைகள்: கியாந்தி மலைநாட்டின் மிதிவண்டிப் பாதைகள்

ஒரு நாட்டின் சரித்திரத்தை அதன் கோட்டைகளிலும் கோயில்களிலும் தேடுவது வழக்கம். சாலைகளில் தேடுவோர் சிலரே. ஆயினும், யார் எங்கே வாழ்ந்தனர், யாருக்காக உழைத்தனர், எப்போது ஊரை விட்டுப் போயினர் என்பவற்றைச் சாலைகளும் நமக்குச் சொல்லும். இத்தாலி நாட்டில் பிளாரன்ஸ், சியெனா என்னும் இரு நகரங்களுக்கு இடையே கியாந்தி என்னும் மலைநாடு உள்ளது. திராட்சைத் தோட்டங்களுக்குப் பேர்பெற்ற அந்நாட்டின் சிறு சாலைகளில் மிதிவண்டி ஓட்டுவதற்கென்றே இன்று பல தேசத்தவர் செல்கின்றனர். அவர்கள் நாடிச் செல்வது அங்குள்ள அமைதியை. அந்த அமைதி எவ்வாறு உண்டாயிற்று என்பதே இப்பேச்சின் பொருள்.

முதலில் அந்நாட்டின் அமைப்பை நோக்குவோம். கியாந்தியில் வானளாவிய மலைகள் இல்லை. கயோலே என்னும் சிற்றூர் கடல் மட்டத்திற்குச் சுமார் 360 மீட்டர் உயரத்தில் ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிறது. ராத்தா சுமார் 530 மீட்டர் உயரத்திலும், கஸ்தெல்லீனா அதனினும் சற்று உயரத்திலும் குன்றுகளின் முகட்டில் அமைந்துள்ளன. ஆகவே, ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் செல்பவர் இறங்கி ஏறியே தீரவேண்டும். ஏற்றங்கள் நீண்டவை அல்ல. ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். சாலையின் இருமருங்கிலும் திராட்சை வரிசைகள், ஒலிவ மரங்கள், ஓக் காடுகள், ஆங்காங்கே ஊசிபோல் நிமிர்ந்த சைப்ரஸ் மரங்கள். கிளைச் சாலைகள் பல இன்றும் தார் காணாதவை. அவற்றில் பரப்பியிருப்பது அந்த மண்ணிலேயே கிடைக்கும் சுண்ணாம்புக் கல்லின் சரளை. வெயிலில் அது பளீரென்று வெண்மையாய்த் தோன்றுவதால் மக்கள் அவற்றை ‘ஸ்ட்ராதே பியாங்கே’, அதாவது வெண்ணிறச் சாலைகள், என்று அழைக்கின்றனர்.

இந்நாட்டின் எல்லையே ஒரு சவாரிப் பந்தயத்தால் அமைந்தது என்று ஒரு கதை உண்டு. பிளாரன்ஸும் சியெனாவும் நெடுங்காலம் போரிட்டுச் சலித்தன. சேவல் கூவும் வேளையில் இரு நகரங்களிலிருந்தும் ஒவ்வொரு குதிரை வீரன் புறப்படுவது, இருவரும் சந்திக்கும் இடமே எல்லை என்று முடிவாயிற்று. சியெனாவினர் தம் வெள்ளைச் சேவலுக்கு வயிறார உணவிட்டனர். பிளாரன்ஸினரோ தம் கருஞ்சேவலைப் பட்டினி போட்டனர். பசி தாளாத கருஞ்சேவல் விடியுமுன்பே கூவிற்று. பிளாரன்ஸ் வீரன் முந்திப் புறப்பட்டுச் சியெனாவை நெருங்கிவிட்டான்; கியாந்தியின் பெரும்பகுதி பிளாரன்ஸுக்கு உரியதாயிற்று. இது கதையே. எனினும், ராத்தா, கயோலே, கஸ்தெல்லீனா ஆகிய மூன்று ஊர்களும் பிளாரன்ஸின் ஆட்சியில் ‘கியாந்திக் கூட்டவை’யாக இணைந்திருந்தமையும், கருஞ்சேவலே அதன் சின்னமாய் இருந்தமையும் சரித்திரம். 1924-ஆம் ஆண்டு மது உற்பத்தியாளர் தமக்கென ஒரு சங்கம் அமைத்தபோது அதே சேவலைத் தம் முத்திரையாகக் கொண்டனர்.

டஸ்கனியின் பெருங்கோமகன் மூன்றாம் கோசிமோ 1716-ஆம் ஆண்டு ஓர் ஆணை பிறப்பித்தார். கியாந்தி உள்ளிட்ட நான்கு வட்டாரங்களின் எல்லைகளை அது வரையறுத்தது. ஒரு மதுவின் பெயருக்கு நில எல்லை வகுத்த மிகப் பழைய சட்டங்களுள் இதுவும் ஒன்று. பின்னர், கயோலேயை அடுத்த புரோலியோ கோட்டையின் அதிபரும், 1861-இல் இத்தாலியின் பிரதமராய் இருந்தவருமான பெத்தீனோ ரிகாசொலி, பல ஆண்டுச் சோதனைக்குப் பின் 1872-இல் எழுதிய ஒரு கடிதத்தில், எந்தத் திராட்சை மதுவுக்கு மணம் தரும், எது அதன் கடுமையைத் தணிக்கும் என்று விளக்கினார். சாஞ்சொவேசே என்னும் கருந்திராட்சையே அதில் முதன்மை பெற்றது.

கோமகனையும் பிரதமரையும் ஏடுகள் மறப்பதில்லை. ஆனால் அம்மலைச் சரிவுகளைத் திருத்தியவர் யார்? வாரக் குடிகளே. ‘மெட்சாத்ரியா’ என்று வழங்கிய அம்முறை, நம் நாட்டு வாரச் சாகுபடியைப் போன்றதே. நிலமும் வீடும் உடைமையாளருடையவை, உழைப்பு குடியானவருடையது, விளைச்சலில் இருவருக்கும் சரிபாதி. பல நூற்றாண்டுகள் இம்முறை நிலைத்தது. குடும்பத் தலைவனே அனைவருக்குமாக ஒப்பந்தம் செய்வான். வீட்டில் ஒருவர் மணம் புரியவும், வெளியே கூலி வேலைக்குச் செல்லவும் நிலவுடைமையாளரின் இசைவு வேண்டும் என்ற கட்டுப்பாடும் பழைய ஒப்பந்தங்களில் இருந்ததுண்டு.

இம்முறையில் குடிகள் ஊருக்குள் கூடி வாழவில்லை. ஒவ்வொரு குடும்பமும் தான் உழுத நிலத்தின் நடுவே தனி வீட்டில் வாழ்ந்தது. கீழே மாட்டுத் தொழுவம். வெளிப்படிக்கட்டின் வழியே ஏறினால் மேலே குடியிருப்பு. அருகே ரொட்டி சுடும் அடுப்பு. ஒரே நிலத்தில் கோதுமை, ஒலிவம், மரங்களில் படரவிட்ட திராட்சைக் கொடி ஆகிய மூன்றும் விளைந்தன. வீடுகள் குன்றுதோறும் சிதறிக் கிடந்தமையால், அவற்றைப் பண்ணை மாளிகையோடும், ஆலையோடும், மாதா கோயிலோடும் இணைக்க எண்ணற்ற சிறு பாதைகள் தேவையாயின. மாட்டு வண்டி செல்லும் அகலமே அவற்றுக்குப் போதும். இன்று மிதிவண்டிகள் வளைந்து வளைந்து செல்லும் சாலைகள் இவையே. வளைவுகள் அழகு கருதி அமைந்தவை அல்ல. வீட்டுக்கு வீடு சென்று திரும்பியதால் அமைந்தவை.

மிதிவண்டி இப்பகுதிக்குப் புதிதன்று. பிளாரன்ஸிலிருந்து பிஸ்தோயா வரை 1870 பிப்ரவரி 2-ஆம் நாள் நடந்த பந்தயம், இத்தாலியின் தொடக்ககாலச் சாலைப் பந்தயங்களுள் புகழ்பெற்றது. பிரெஞ்சு நாட்டுப் பெரும் பந்தயத்தில் 1938-இலும், போர் முடிந்தபின் 1948-இலும் வெற்றி பெற்ற ஜீனோ பர்தாலி, பிளாரன்ஸின் தென்புறத்தில், கியாந்திக் குன்றுகளின் வாயிலில் பிறந்தவர். அக்காலத்தில் உழைக்கும் மக்களின் வாகனம் மிதிவண்டியே. பந்தய வீரர் ஓடியதும் புழுதி பறக்கும் சரளைச் சாலைகளிலேதான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அனைத்தும் மாறிற்று. நகரங்களில் தொழிற்சாலைகள் பெருகின. மாதந்தோறும் கையில் கூலி, வீட்டில் குழாய்த் தண்ணீர், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் ஆகியவை அங்கே கிடைத்தன. 1950-களிலும் 1960-களிலும் வாரக் குடிகள் குடும்பம் குடும்பமாகக் குன்றுகளை விட்டு இறங்கினர். புதிய வார ஒப்பந்தங்களை 1964-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. எஞ்சியவற்றைக் குத்தகையாக மாற்ற 1982-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. நூற்றாண்டுகளாய்ப் புகைந்த அடுப்புகள் அணைந்தன. வீடுகள் பூட்டப்பட்டன, சிலவற்றின் கூரை இடிந்தது. பல இடங்களில் கலப்புப் பயிர் அழிந்து, டிராக்டர் செல்லத்தக்க திராட்சை வரிசைகள் தோன்றின. பெரிய சாலைகள் தார் பூசப்பெற்றன. ஆளில்லா வீடுகளுக்குச் செல்லும் சிறு சாலைகளைத் திருத்தவேண்டிய தேவை யாருக்கும் இல்லை. ஆகவே அவை சரளையாகவே நின்றன.

புறக்கணிப்பால் பிழைத்த அச்சாலைகளைப் பின்னர் அன்பினால் காக்க முன்வந்தோரும் உண்டு. ஜான்கார்லோ புரோச்சி என்பார் 1997-ஆம் ஆண்டு கயோலேயில் ‘லெரோயிகா’ என்னும் மிதிவண்டிப் பயணத்தைத் தொடங்கினார். முதல் ஆண்டு கலந்துகொண்டவர் 92 பேர். வெண்ணிறச் சாலைகள் தாரில் மறையாமல் காப்பதே அதன் நோக்கங்களுள் தலையாயது. பழைய எஃகு மிதிவண்டிகளில், பழைய கம்பளிச் சட்டை அணிந்து, அக்டோபர் மாதத்தில் விடியுமுன் புறப்படுகின்றனர். நெடும் பாதை 200 கிலோமீட்டருக்கும் மேற்பட்டது. புரோலியோ கோட்டைக்கு ஏறும் சைப்ரஸ் சாலையில் இருளில் விளக்குகள் வரிசையாக எரியும். இப்பயணத்தின் விளைவாக 2007-இல் தொழில்முறை வீரர்க்கான பந்தயமும் தோன்றியது; பெண்களுக்கான பந்தயம் 2015-இல் தொடங்கிற்று. இரண்டும் சியெனாவின் நடுச் சதுக்கத்தில் முடிவடைகின்றன.

பந்தயம் இல்லாத நாள்களில் இச்சாலைகள் மீண்டும் அமைதியில் ஆழ்கின்றன. வேனிலின் கடும் வெயில் நீங்கிய செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் கயோலேயிலிருந்து புரோலியோவுக்கோ, ராத்தாவுக்கோ செல்பவர், திராட்சை பறிப்பவர்களின் குரலையும் தம் சக்கரத்தின் கீழ் சரளை நெரியும் ஓசையையும் தவிர வேறெதுவும் கேட்காமல் நெடுந்தூரம் செல்லலாம். வழியில் காணும் கல் வீடுகள் பல இப்போது பயணிகள் விடுதிகளாகிவிட்டன. மாடுகள் கட்டியிருந்த தொழுவம் இன்று விருந்தினர் உண்ணும் கூடம்.

இதைக் குறையென்று சொல்வதற்கில்லை. இடிந்து போயிருக்கக்கூடிய வீடுகள் நிலைத்தன. மறைந்திருக்கக்கூடிய சாலைகள் தப்பின. வறுமையும் கட்டுப்பாடும் நிறைந்த அவ்வாழ்வு மீள வேண்டும் என்று அதை விட்டுச் சென்றவர்களே விரும்பமாட்டார்கள். எனினும், அங்குள்ள அமைதியை இயற்கையின் கொடை என்று மட்டும் கருதுவது முழு உண்மையாகாது. அங்கே ஒருகாலத்தில் ஏர் ஓட்டும் குரல் இருந்தது. வண்டி மாடுகளின் மணியோசை இருந்தது. குழந்தைகளின் ஆரவாரம் இருந்தது. புரோலியோ கோட்டையைக் கட்டியவர் யார் என்று அறிய விரும்புவோர் எளிதில் அறியலாம். அக்கோட்டைக்குச் செல்லும் சாலையின் கல்லைச் சுமந்து பரப்பியவர்களின் பெயர்கள் பொறிக்கப்படவில்லை. ஏற்றத்தில் மூச்சு வாங்க ஒருகணம் இறங்கி நிற்கும் பயணி, அவர்களை நினைத்துப் பார்ப்பானாயின், அச்சாலையின் சரித்திரத்தில் பெரும்பகுதியை அறிந்தவனாவான்.